விடுமுறையில் பிள்ளைகளின் மதியச் சாப்பாடு



கோடை விடுமுறை தொடங்கினால் பிள்ளைகளுக்குச் சந்தோஷம். வருமானம் குறைந்த வீடுகளில் அம்மாமாருக்கோ ஆறு கிழமைக்கு ஒவ்வொரு நாளும் இன்னொரு நேரச் சமையல். பாடசாலையில் இலவசமாகக் கிடைத்த மதியச் சாப்பாடு நின்றுவிடுகிறது.

யேர்மனியில் ‘பில்டுங்ஸ்பக்கெற்’ என்ற உதவித்திட்டம் 2011இல் வந்தது. முதலில் ஒரு சாப்பாட்டுக்கு ஒரு யூரோவைப் பெற்றோர் கொடுக்கவேண்டும். 2019 ஓகஸ்ட் 1 முதல் அதுவும் இல்லை. யொப்சென்ரர் உதவி, வாடகை உதவியான வோன்கெல்ட், கின்டர்சூஷ்லாக், அகதி விண்ணப்பதாரருக்கான உதவி ஆகியவற்றில் ஒன்றைப் பெறும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இந்த உரிமை உண்டு. வோன்கெல்ட், கின்டர்சூஷ்லாக் பெறுவோர் இதற்குத் தனியாக விண்ணப்பிக்கவேண்டும். பலர் இதை அறியாமலே இருக்கிறார்கள்.

‘மற்றப் பிள்ளைகள் என்ன நினைப்பார்கள்’ என்று கூச்சப்பட்டு விடுகிறவர்களும் எங்களுக்குள் உண்டு. பெரும்பாலும் பணம் சாப்பாடு கொடுப்பவருக்கு நேரே போகிறது. பிள்ளை காசைக் கையில் கொண்டுபோவதில்லை.

ஆனால் சட்டம் பாடசாலை நாட்களையே கணக்கெடுக்கிறது. எனவே விடுமுறைக்கு முன்பே பாடசாலையில் இரண்டு கேள்வி கேளுங்கள்: விடுமுறைப் பராமரிப்பு இருக்கிறதா? அங்கே சாப்பாட்டுச் செலவை நகரசபை ஏற்கிறதா? இது ஊருக்கு ஊர் மாறும். 2021இல் நிறைவேறிய சட்டப்படி, முழுநாள் பராமரிப்பு உரிமை 2026 ஓகஸ்டில் முதலாம் வகுப்பிலிருந்து படிப்படியாகத் தொடங்குகிறது. விடுமுறையும் அதில் அடங்கும். ஆனால் மாநிலங்கள் வருடத்தில் நான்கு கிழமை வரை மூட அனுமதிக்கலாம்.

மிச்ச நாட்களுக்கு வீட்டுச் சமையல்தான். அதற்குப் பெரிய செலவு தேவையில்லை. மைசூர்ப் பருப்பு மலிவு. உறையவைத்த ஸ்பினாத் கீரையும் மலிவு, சத்தும் குறையாது. இரண்டையும் கடைந்து சோற்றோடு கொடுக்கலாம். பருப்பிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர விற்றமின் சி உதவும். ஆகவே பக்கத்தில் இரண்டு துண்டு பப்ரிக்கா, அல்லது கடைசியில் தேசிக்காய்ப் புளி. சாப்பாட்டோடு தேத்தண்ணி கொடுப்பது எங்கள் பழக்கம். அது அந்த இரும்புச்சத்தைத் தடுக்கும். தண்ணீரே போதும்.

யேர்மன் ஊட்டச்சத்துச் சங்கம் ஒரு நாளைக்கு ஐந்து பங்கு மரக்கறி, பழம் சாப்பிடச் சொல்கிறது. ஒரு பங்கு என்பது சாப்பிடுபவரின் கையளவு. ஆறு வயதுப் பிள்ளைக்கு அதன் சின்னக் கையளவுதான், அம்மாவின் கையளவு அல்ல. பிள்ளையையே அளக்கச் சொல்லுங்கள், விருப்பத்தோடு செய்யும்.