கயிறு இழுத்தும் வேகம் கூடும்

கொடைக்கானல் மலையில் கவுஞ்சி, பூம்பாறை, மன்னவனூர் பக்கம் விளையும் கேரட்டும் உருளைக்கிழங்கும் மலைப்பூண்டும் மூட்டை மூட்டையாகத்தான் மலையிறங்குகின்றன. ஒரு மூட்டையைச் சுருள்வில் தராசின் கொக்கியில் மாட்டினால் முள் இறங்குகிறது. 10 கிலோவுக்கு வில் ஒரு விரற்கடை நீண்டால், 20 கிலோவுக்கு இரண்டு விரற்கடை. ராபர்ட் ஹூக் 1678-இல் அச்சிட்ட விதி இதுதான். காலில் ரப்பர் கயிறு கட்டிக்கொண்டு குதிக்கிற பங்கி ஜம்பிங்கில் உயிர் காப்பதும் இதே விதி. என்ன, அங்கே மூட்டைக்குப் பதில் ஆள். மெல்ல மாட்டுவதில்லை, மேலேயிருந்து விழவிடுகிறார்கள்.

ரிஷிகேஷ் அருகே மோகன்சட்டியில் குதிக்கும் மேடை 83 மீட்டர் உயரம். கொடைக்கானல் தூண் பாறை 122 மீட்டர். நம் கணக்குக்கு அவ்வளவு வேண்டாம். 1988-இல் வணிகரீதியாகப் பங்கி ஜம்பிங் தொடங்கிய நியூசிலாந்தின் கவாரௌ பாலத்தை எடுத்துக்கொள்வோம்: 43 மீட்டர். ஆள் 60 கிலோ. கயிறு 20 மீட்டர். அதை ஒவ்வொரு மீட்டர் நீட்டவும் 120 நியூட்டன் விசை தேவை. புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்றே வைப்போம்.

முதல் 20 மீட்டர் கயிறு தொளதொளவென்று வருகிறது. நிலையாற்றல் இயக்க ஆற்றலாக மாறி, வேகம் மணிக்கு 72 கி.மீ. ஆகிறது. இனி கயிறு இழுக்கத் தொடங்கும். வேகம் குறையும் என்றுதான் யாரும் சொல்வார்கள். குறையாது! கயிற்றின் இழுப்பு ஆளின் எடையை எட்டும்வரை புவியீர்ப்பின் கையே ஓங்கியிருக்கும். அதற்குக் கயிறு 5 மீட்டர் நீள வேண்டும். உச்ச வேகம் அங்கேதான்: மணிக்கு 76 கி.மீ. அதற்குப் பிறகே வேகம் தணிகிறது.

40 மீட்டரில் ஒரு கணம் நிற்கிறார். இழந்த நிலையாற்றல் 24,000 ஜூல். அத்தனையும் 20 மீட்டர் நீண்டுவிட்ட கயிற்றுக்குள் இருக்கிறது. கயிறு இழுக்கும் விசை அவர் எடையைப் போல 4 மடங்கு. உடம்பு தாங்கும். இரண்டே மீட்டர் நீளக்கூடிய விறைப்பான கயிறாக இருந்தால் 22 மடங்கு! கிணற்றுக் கயிற்றைக் கட்டிக்கொண்டு யாரும் குதிக்காததற்குக் காரணம் இதுதான்.

இதே கயிற்றில் 80 கிலோ ஆள் குதித்தால் 44 மீட்டருக்கும் கீழே போவார். பாலமோ 43 மீட்டர். அதனால்தான் எடையை வாயால் கேட்டு எழுதிக்கொள்ளாமல் நிறுத்துப் பார்க்கிறார்கள். அசல் ரப்பர் ஹூக் விதிக்கு அப்படியே அடங்குவதும் இல்லை. ஆளின் உயரத்தையும் நாம் சேர்க்கவில்லை. பள்ளம் தாராளமாக இருந்தே ஆக வேண்டும்.

மேலும் கீழும் ஆடி அடங்கியபின் ஆள் 25 மீட்டரில் தொங்குவார். அதற்குள் இழந்த நிலையாற்றல் 15,000 ஜூல். கயிற்றில் மிச்சமிருப்பதோ 1,500 தான். மீதி 13,500 ஜூல் எங்கும் தொலையவில்லை. ரப்பர் இழைகளின் உள் உராய்விலும் காற்றின் தடையிலும் வெப்பமாகிவிட்டது. ஒரு லிட்டர் தண்ணீரை 3 டிகிரி சூடாக்க அது போதும்.