இருவர் ஆடினால் கணக்கு இரண்டு

திரையின் அடியில் ஒரு சிறு மட்டை. மேற்பகுதியில் எட்டு வரிசைச் செங்கற்கள். இடையில் ஓயாது துள்ளும் ஒரு பந்து. அமெரிக்காவின் அட்டாரி நிறுவனம் 1976-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘பிரேக்அவுட்’ என்னும் மின்னணு விளையாட்டின் காட்சி இவ்வளவே. இன்று நம் பிள்ளைகள் கைப்பேசியில் ஆடும் செங்கல் உடைப்பு ஆட்டங்களுக்கெல்லாம் மூதாதை இதுவே. வரவு செலவோடு வாழும் நமக்கு இவ்வாட்டத்தில் கற்க வேண்டியது ஒன்று உண்டு.

முதலில் ஆட்டத்தின் கணக்கைப் பார்ப்போம். வரிசைக்கு 14 வீதம் மொத்தம் 112 செங்கற்கள். கீழிருந்து மேலாக, மஞ்சள் செங்கல்லுக்கு 1, பச்சைக்கு 3, ஆரஞ்சுக்கு 5, சிவப்புக்கு 7 என மதிப்பெண்கள். ஒரு சுவர் முழுவதையும் தகர்த்தால் 448. ஒருவருக்கு இரண்டு சுவர்களே உண்டு. ஆகவே உச்ச வரம்பு 896. மேல் வரிசைகளை எட்டும்போது பந்தின் வேகம் கூடும். சிவப்பு வரிசையைத் துளைத்துப் பந்து உச்சியைத் தொட்டால் மட்டை பாதியாகச் சுருங்கும். வருவாய் உயருமிடத்தில் இடரும் உயர்வது நாம் அறிந்ததுதானே!

இவ்வாட்டத்தை இருவர் முறைவைத்தும் ஆடலாம். அப்போது ஒவ்வொருவருக்கும் தனிச் சுவர், தனி மதிப்பெண். இதில் ஒரு நுட்பம் உண்டு. முதலாமவர் தம் மூன்றாவதும் கடைசியுமான பந்தில் முதற்சுவரை முடித்து, உடனே பந்தை வேண்டுமென்றே நழுவவிட்டால், அவருக்குரிய இரண்டாம் சுவர் மற்றவருக்கு மூன்றாம் சுவராகச் சென்று சேரும். அவர் 1,344 வரை எட்டலாம். யாருடைய சுவர் யாருக்குச் சென்றது, யார் எவ்வளவு ஈட்டினார் என்பதில் அங்கு ஐயத்திற்கு இடமில்லை. எல்லாம் திரையிலேயே பதிவாகிவிடுகிறது.

ஆனால், அதை உருவாக்கிய இருவரிடையே இத்தெளிவு நிலவவில்லை. அட்டாரியில் பணியாற்றிய ஸ்டீவ் ஜாப்ஸிடம் இதன் மின்சுற்றை வடிவமைக்கும் பொறுப்பு தரப்பட்டது. அவர் தம் நண்பர் ஸ்டீவ் வோஸ்னியாக்கின் துணையை நாடினார். வோஸ்னியாக் நான்கே நாட்களில், உறக்கம் துறந்து, ஐம்பதுக்கும் குறைவான சில்லுகளைக் கொண்டு வடிவமைப்பை முடித்தார். அவர் பெற்ற பங்கு 350 டாலர். சில்லுகளைக் குறைத்தமைக்குத் தனியே ஊக்கத்தொகை இருந்தது என்பது பல ஆண்டுகளுக்குப் பின்னரே தமக்குத் தெரியவந்ததாக அவர் கூறியிருக்கிறார். ஜாப்ஸோ, தமக்குக் கிடைத்ததில் பாதியைக் கொடுத்துவிட்டதாகவே கூறினார். இரண்டு நினைவுகள் எதிரெதிரே நின்றன. அவற்றுள் எது சரி என்று தீர்க்க இருவரும் ஒப்பமிட்ட தாள் எதுவும் முன்வைக்கப்படவில்லை.

அவ்வுழைப்பு வீண்போகவில்லை. 1977-இல் வெளிவந்த ஆப்பிள் 2 கணினியில் வண்ணம், ஒலி, மட்டையை இயக்கும் கைப்பிடி ஆகியவற்றைத் தாம் சேர்த்தது இவ்வாட்டத்தை மனத்திற்கொண்டே என்று வோஸ்னியாக் பின்னாளில் விளக்கினார். எனினும் அந்தப் பங்குக் கணக்கு ஒரு வடுவாகவே நிலைத்தது.

நண்பர்களும் உடன்பிறந்தோரும் கூடித் தொழில் தொடங்குவது நம் நாட்டில் இயல்பு. ‘நமக்குள் எழுத்து எதற்கு?’ என்ற கேள்வியும் அங்கு இயல்பாக எழும். வேறு ஒப்பந்தம் இல்லாதவிடத்து, 1932-ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் ஆதாயத்தையும் நட்டத்தையும் கூட்டாளிகளுக்குச் சமமாகவே பகிர்கிறது. ஒருவர் இரவு பகலாக உழைத்திருக்கலாம். மற்றவர் முதல் முழுவதையும் இட்டிருக்கலாம். எழுதி வைக்காத வேறுபாட்டைச் சட்டம் தானாக அறியாது. கூட்டுக் கணக்கும் அத்தகையதே. பணத்தை எடுக்க யார் ஒப்பமிட வேண்டும் என்பதை அது சொல்லும். உள்ள பணத்தில் யாருக்கு எவ்வளவு உரிமை என்பதைச் சொல்லாது.

ஆகவே கூடித் தொழில் தொடங்குவோர் முதலீடு, உழைப்புக்கான ஊதியம், ஆதாயப் பங்கு, எதிர்பாராது வரும் ஊக்கத்தொகை, விலகுவோருக்குரிய தொகை ஆகிய ஐந்தையும் முதல் நாளிலேயே எழுத்தில் வடித்து ஒப்பமிடுவது நன்று. கூட்டாண்மையைப் பதிவு செய்துகொள்வது இன்னும் நன்று. நம்பிக்கை குறைந்தோர் செய்யும் செயலன்று இது; நட்பைக் காக்க விரும்புவோர் செய்வது.