கோமாளி மீனின் குடும்பக் கணக்கு

வணிக நிறுவனங்களின் வரவேற்பறைகளில் கடல்நீர்த் தொட்டி வைப்பது பெருகி வருகிறது. காஞ்சிபுரத்துப் பட்டுக்கடை ஒன்றிலும் அண்மையில் கண்டேன். தொட்டியில் நீந்தியவை கோமாளி மீன்கள். 2003-இல் வெளியான 'ஃபைண்டிங் நெமோ' திரைப்படம் புகழ்பெறச் செய்த அதே இனம்.

அப்படத்தில் தாய் இறந்ததும் தந்தை குஞ்சைத் தேடி அலைகிறது. இயற்கையில் நடப்பது வேறு. கடல் சாமந்தி எனப்படும் உயிரினத்தின் கொட்டும் இழைகளுக்கு நடுவே இம்மீன்கள் சிறு குழுவாக வாழ்கின்றன. உடலைப் போர்த்தியுள்ள வழவழப்பான படலம் அவற்றைக் காக்கிறது. குடியிருப்புக்கு வாடகையும் உண்டு: இழைகளைக் கடிக்க வரும் மீன்களை இவை விரட்டுகின்றன, இவற்றின் கழிவு சாமந்திக்கு உரமாகிறது.

குழுவில் மிகப் பெரியது பெண், அடுத்தது ஆண், மற்றவை இனப்பெருக்கம் செய்யாத இளையவை. எல்லாமே முதலில் ஆணாகவே முதிர்கின்றன. பெண் இறந்தால் ஆண் பெண்ணாக மாறும்; இளையவற்றில் மூத்தது ஆணின் இடத்துக்கு உயரும். முட்டைகளுக்கு விசிறிக் காவல் காப்பது பெரும்பாலும் ஆண்தான். ஏறத்தாழ ஒரு வாரத்தில் குஞ்சுகள் பொரிந்து, சில நாள்கள் நீரோட்டத்தில் மிதந்த பின்னர் வேறொரு சாமந்தியைத் தேடுகின்றன.

பொருளியல் படித்தவனுக்கு இங்கேதான் கவலை எழுகிறது. பிடிப்பவரின் கண்ணில் முதலில் படுவது பெரிய மீன், அதாவது பெண். அதை எடுத்தால் மாற்றம் முடியும்வரை அக்குடும்பத்தில் முட்டையே இல்லை. வட்டியை விட்டுவிட்டு முதலை எடுக்கும் வணிகம் இது. சாமந்தியையும் சேர்த்துப் பெயர்த்தால் எஞ்சிய மீன்களுக்குப் புகலிடமும் போய்விடும். அது இல்லாமல் திறந்த கடலில் அவை பிழைப்பது அரிது.

நமக்கு அருகில் இம்மீன்களின் இருப்பிடம் மன்னார் வளைகுடா. இங்கு வாழ்வது கருமையும் மஞ்சளும் கலந்த 'செபே' இனம். இராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரையிலான 21 தீவுகளைச் சார்ந்த கடற்பகுதி 1986-இல் தேசியப் பூங்காவானது. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளை வெட்டிய காலத்தின் விலையாகப் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ஆகிய தீவுகள் நீரில் மூழ்கின. வெட்டுவது நின்றபின் வெப்பம் வந்தது. 2010, 2016 ஆண்டுகளில் பவளப்பாறைகள் வெளுத்தன. கடல் சாமந்திகளும் அவ்வாறே வெளுப்பவை. பசிபிக் கடலின் மூரியா தீவில் நடந்த ஆய்வில், வெளுத்த சாமந்திகளில் வாழ்ந்த கோமாளி மீன்கள் முட்டையிடுவது வெகுவாகக் குறைந்தது.

மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம், இம்மீன்களைத் தொட்டியிலேயே பெருக்கும் தொழில்நுட்பத்தை உருவாக்கியிருக்கிறது. பண்ணையில் பிறந்த மீனுக்கும் கடலில் பிடித்த மீனுக்கும் கடையில் வேறுபாடு தெரிவதில்லை. பட்டுக்கு முத்திரை இருப்பதுபோல் மீனுக்கும் பண்ணைச் சான்று வேண்டும். அது வரும்வரை, எங்கே பிறந்தது என்று வாங்குவோர்தாம் கேட்டாக வேண்டும்.