அப்பா எங்கே பிறந்தார்?

செய்யூர், கடப்பாக்கம், சூனாம்பேடு பக்கமிருந்து வரும் கடிதங்களில் பாதி, “வரைவுப் பட்டியலில் பேர் இல்லையே” என்கின்றன. மீதி, “வடக்கனுக்கு இங்கே ஓட்டா?” என்று கொதிக்கின்றன. இரண்டையும் ஒன்றாகவே பார்த்துவிடலாம்.

வாக்காளர் பட்டியலை அலசும் இந்த வேலை தேர்தல் ஆணையத்தின் மொழியில் ‘சிறப்புத் தீவிரத் திருத்தம்’. தமிழ்நாட்டில் 2025 டிசம்பர் வரைவுப் பட்டியலில் சுமார் 97 லட்சம் பெயர்கள் போன பிறகும் அதற்குப் பெயர் திருத்தம்தான். அதில் இறந்தவர்கள் சுமார் 27 லட்சம். 66 லட்சம் பேர் முகவரியில் இல்லாதவர்களாம். 2002, 2005 பட்டியலில் நீங்களோ பெற்றோரோ இல்லையென்றால் ஆவணம் கேட்டார்கள். 1987 ஜூலைக்குப் பிறகு பிறந்தவரிடம் அப்பா அல்லது அம்மாவின் தாளும், 2004 டிசம்பருக்குப் பிறகு பிறந்தவரிடம் இருவருடையதும்.

பெற்றோரின் தாளைக் கேட்கும் இந்த வேலையால் நம் ஆட்கள் ஏற்கெனவே பட்டிருக்கிறார்கள். 1948-இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டத்தில் ‘தமிழர்’ என்ற சொல்லே கிடையாது. உள்நாட்டில் பிறந்தவருக்கு அப்பா அங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லையேல் அப்பாவைப் பெற்ற தாத்தாவும் அவருடைய அப்பாவும். தோட்டத்து லயத்தில் பிறந்த கூலிப் பிள்ளை பூட்டன் பிறந்ததற்குச் சான்று எங்கே போய்த் தேடும்? ஒருவரையும் ‘வெளியே போ’ என்று சொல்லாமலே சுமார் 7 லட்சம் மலையகத் தமிழர் நாடற்றவர்களானார்கள். அடுத்த ஆண்டே ஓட்டும் போனது. 1947 தேர்தலில் 7 இடம் பிடித்த இலங்கை இந்தியர் காங்கிரசுக்கு 1952-இல் ஒன்றுகூட இல்லை. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5.25 லட்சம் பேரை இந்தியாவின் கணக்கில் எழுதியது. ஆணையத்தின் நோக்கம் வேறாக இருக்கலாம். கருவி எனக்கு ஒன்றாகவே தெரிகிறது.

‘வடக்கன்’ என்று எழுதுகிறவர்களுக்கு ஒன்று: 1966-இல் பம்பாயில் சிவசேனை பிறந்தபோது அதன் முதல் இலக்கு தென்னிந்தியர். பால் தாக்கரேயின் ‘மார்மிக்’ இதழ் நம்மவர் பெயர்களைப் பட்டியல் போட்டே அச்சிட்டது.

இனி, கடிதங்களில் வந்த கேள்விகள். பீகார்த் தொழிலாளி இங்கே வாக்காளராகலாமா? வழக்கமாக வசிப்பது இங்கேதான் என்றால் ஆகலாம். சொந்த ஊர் ஓட்டை விட வேண்டும்.

அடுத்தவர் பெயரை நீக்கச் சொல்லலாமா? படிவம் 7-இல் சொல்லலாம்; பொய் சொன்னால் ஓராண்டு வரை சிறை.

ஆதார் போதுமா? அடையாளத்துக்கு மட்டும்.

2002 பட்டியலில் செய்யூர் தொகுதியைக் காணோமே? அது 2008 மறுவரையறையில் வந்த தொகுதி. அச்சிறுப்பாக்கத்தில் தேடுங்கள், இல்லையேல் மதுராந்தகத்தில்.

விட்டுப்போன பெயருக்கு? படிவம் 6-ஐ உறுதிமொழியோடு வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் (பி.எல்.ஓ.) கொடுங்கள்.