சுருண்ட புகைப்படத்துக்குச் சட்டம் போடுமுன்

பெட்டியின் அடியில் அரை நூற்றாண்டாகச் சுருண்டு கிடந்த பாட்டனாரின் கல்யாணப் படத்தை எடுத்து, மேசைமேல் இரு கைகளாலும் அழுத்தி விரித்து, குறுக்கே வெடிப்புகள் ஓடிய பிறகு சட்டம் போடும் கடைக்கு ஓடுவதும், கடைக்காரர் அதன் முதுகு முழுவதும் பசை பூசி ஹார்ட்போர்டில் ஒட்டிக் கண்ணாடியோடு இறுக்கிக் கொடுப்பதும் நம்மிடையே சர்வ சாதாரணமாகிவிட்டன. முதல் தவறு நம்முடையது, அடுத்தது அவருடையது. நஷ்டமோ ஈடுசெய்ய இயலாதது.

பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் பெரும்பாலானவை, காகிதத்தின்மேல் ஜெலட்டின் பூச்சில் வெள்ளித் துகள்கள் பதிந்தவை. காற்று வறண்டால் காகிதத்தைக் காட்டிலும் ஜெலட்டின் அதிகமாகச் சுருங்கிப் படத்தை உட்புறமாக இழுத்துக்கொள்கிறது. வலுக்கட்டாயமாக விரித்தால் பூச்சு விரிசல் விடும். ஈரக் காற்றுக்கு மட்டும் இணங்கும்.

மூடியுள்ள அகலமான பிளாஸ்டிக் தொட்டியின் அடியில் நனைத்துப் பிழிந்த துணியைப் பரப்பி, அதற்குச் சற்று மேலே கம்பித் தட்டொன்றை நிறுத்தி, தண்ணீர் படாதபடி படத்தை அதில் வைத்து மூடி, அடிக்கடி திறந்து மூடியில் கோக்கும் துளிகளைத் துடைத்துவந்தால், சில மணி நேரத்தில் சுருள் தானே தளரும். பூச்சு பிசுபிசுக்கத் தொடங்கும்வரை விட்டுவிடலாகாது. தளர்ந்ததும், படப்பக்கத்தில் சிலிக்கோன் பூசிய பேக்கிங் தாளும் முதுகில் மையொற்றுத் தாளும் வைத்து, இரு பலகைகளுக்கிடையே மிதமான பாரத்தில், ஒற்றுத்தாளை மாற்றி மாற்றிச் சில நாள் வைத்திருக்க வேண்டும். பூஞ்சை பூத்தது, பூச்சு உதிர்வது, கையால் வர்ணம் தீட்டியது, மையால் எழுதியது ஆகியவற்றில் நாம் கைவைக்கவே கூடாது. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930 முதல் இயங்கும் ரசாயனப் பாதுகாப்புக் கூடத்துக்கு எழுதி ஆலோசனை கேட்கலாம்.

சட்டம் போடும்போது படத்தை எதிலும் ஒட்டலாகாது. அமிலமற்ற அட்டையில், நான்கு மூலைகளையும் காகித உறைகளில் செருகி நிறுத்தினால் போதும். படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே, நடுவில் சன்னல் வெட்டிய அட்டை அவசியம். மழைக்காலத்து ஈரத்தில் ஜெலட்டின் கண்ணாடியைப் பற்றிக்கொண்டால் பிரிக்கவே முடியாது. முன்பே பற்றிக்கொண்ட படத்தை உரிக்க வேண்டாம். கண்ணாடியோடே ஸ்கேன் எடுத்துவிட வேண்டும். செலோடேப், லேமினேஷன், முதுகுப் பசை மூன்றும் வேண்டாம். மீண்டும் சொல்கிறேன்: முதுகில் பசை வேண்டாம்.

கடைக்காரரிடம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வருகிற அலட்சியத்தை எத்தனை முறை கண்டித்தாலும் நம்மவர் விடுவதில்லை. படத்தை ஒப்படைக்குமுன் முன்னும் பின்னும் தேதியோடு நிழற்படம் எடுத்து, ரசீதில் படத்தின் அளவையும், ஏற்கெனவே உள்ள கிழிசல்களையும், ‘பசை, லேமினேஷன், வெட்டுதல் கூடாது’ என்ற வாசகத்தையும் எழுதிக் கையொப்பம் வாங்க வேண்டும். ‘சேதத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல’ என்று அச்சிட்டிருப்பதாலேயே நம்முடைய முறையீட்டு உரிமை போய்விடாது. முதலில் எழுத்துமூலம் நோட்டீஸ் அனுப்பலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் சொல்லலாம். பயனில்லையேல், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். கடைக்குச் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதவரை மனுவுக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் சேதம் நேர்ந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். ரசீது நகலும், நோட்டீஸ் நகலும், முன்பு எடுத்த நிழற்படங்களும் அதனுடன் இணைக்கப்பட வேண்டும்.