லண்டன் கோர்ட் கவர் வந்தா கிழிச்சுப் போடலாமா?

போன மாசம் ஒரு தம்பி ஆபீசுக்கு வந்தார். லண்டன்ல பார்ட்னரோட சின்னதா பிசினஸ் பண்ணி, மனக்கசப்பாகி சென்னைக்குத் திரும்பினவர். கையில் கூரியர் கவர். உள்ளே அங்கத்த கோர்ட் பேப்பர். பிரிச்சுப் பார்த்ததே பதினோரு நாள் கழிச்சுத்தான். "சார், கூரியர்ல வந்தா இந்தியாவுல செல்லாதுன்னு ஃப்ரெண்ட் சொன்னான். தூக்கிப் போட்டுடலாமா?"

ஃப்ரெண்ட் சொன்னதில் பாதி சரி. வெளிநாட்டு சம்மனைச் சார்வு செய்ய 1965-ல் உருவான ஹேக் உடன்படிக்கை ஒண்ணு இருக்கு. இந்தியாவில் 2007 ஆகஸ்ட்லேர்ந்து அமலில் இருக்கு. அதில், தபால்ல நேரா அனுப்புற முறைக்கு நாம ஆட்சேபம் சொல்லி வச்சிருக்கோம். முறைப்படின்னா டெல்லியில் சட்ட அமைச்சகத்துக்கு வந்து, அங்கிருந்து உள்ளூர் நீதிமன்றம் போய், அமீனா மூலமா உங்க வாசலுக்கு வரணும். மாசக்கணக்கில் ஆகும்.

ஆனா கூரியரே போதும்னு லண்டன் நீதிபதி நினைச்சுட்டா? நீங்க இல்லாமலே தீர்ப்பு வந்துடும். அமெரிக்கத் தீர்ப்புன்னா அதை வச்சு இங்க புதுசா ஒரு வழக்கே போடணும். பிரிட்டன், சிங்கப்பூர், 2020 ஜனவரியிலிருந்து அமீரகம் இதெல்லாம் வேற கதை. உரிமையியல் நடைமுறைச் சட்டம் 44ஏ பிரிவின்படி, அங்க வாங்கின தீர்ப்பை இங்க நேரா நிறைவேற்று மனுவா போடலாம்.

தப்பிக்க வழி 13-வது பிரிவு. இன்டர்நேஷனல் உல்லன் மில்ஸ் வழக்கில் 2001-ல் உச்ச நீதிமன்றம் இதைப் பார்த்தது. சாட்சியத்தை ஆராயாம, எதிராளி வரலைங்கிற காரணத்துக்காக மட்டும் கொடுத்த இங்கிலாந்து தீர்ப்பை இங்க நிறைவேற்ற முடியாதுன்னு சொன்னாங்க. இதைக் கேட்டதும் தம்பி முகத்தில் ஒரு வெளிச்சம். இருங்க, அங்க நீதிபதி ஆவணங்களைப் படிச்சு, காரணம் எழுதித் தீர்ப்பு சொல்லியிருந்தா இந்த வாதம் நிக்காது.

சரி, போய் வாதாடலாம்னா அதுலயும் ஒரு கண்ணி. நேரா வழக்குக்குள்ள இறங்கிட்டா அந்த கோர்ட்டோட அதிகார வரம்பை ஏத்துக்கிட்டதா ஆகிடும். அதிகாரமே இல்லைன்னு சொல்லணும்னா, சம்மன் கிடைச்சதுன்னு பதிவு பண்ணின 14 நாளுக்குள்ள தனி மனு போடணும். இவர் விஷயத்தில் கடையும் லண்டன், ஒப்பந்தமும் லண்டன். அந்த மனு எடுபடாதுன்னு எனக்குத் தோணிச்சு. கணக்கு வழக்கைக் காட்டி அங்கயே எதிர்த்து நில்லுங்கன்னேன்.

ஜெயிச்சவங்களும் தூங்கக்கூடாது. 1995-ல் லண்டன்ல வந்த ஒரு தீர்ப்புக்கு 2009-ல் இங்க மனு போட்டாங்க. பாங்க் ஆஃப் பரோடா – கோட்டக் வழக்கு. இங்கிலாந்தின் காலவரம்பு ஆறு வருஷம், அதுதான் பொருந்தும், நீங்க லேட்டுன்னு 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு.

அன்னிக்கு ராத்திரியே லண்டன் சொலிசிட்டருக்கு மெயில் போட்டோம். ஃபீஸ் பவுண்டில் வந்தது. தம்பி ரூபாயில் கணக்குப் போட்டுட்டுக் கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "பார்ட்னர்கிட்ட நானே ஒரு தடவை பேசிப் பார்க்கவா சார்?"னு கேட்டார். பேசுங்க, ஆனா வாட்ஸ்அப்பில் எதையும் ஒத்துக்காதீங்கன்னு சொல்லி அனுப்பினேன்.