குறி தவறுவது ஏன்?

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், ஈரி ஏரிக்கரையில் காம்ப் பெர்ரி என்னும் இடம் உள்ளது. 1907ஆம் ஆண்டு முதல், இடையில் சில ஆண்டுகள் நீங்கலாக, அந்நாட்டின் தேசியத் துப்பாக்கி சுடும் போட்டிகள் அங்கு நடைபெற்று வருகின்றன. நெடுந்தொலைவுப் போட்டியில் குறிப்பலகை 1000 கெஜத்திற்கு, அதாவது 914 மீட்டருக்கு அப்பால் நிற்கும். அதன் நடுவிலுள்ள மிகச் சிறிய வளையத்தின் விட்டம் 10 அங்குலமே. அதைத் தாக்க விழையும் பலர் கடைத் தோட்டாக்களை நம்புவதில்லை. தாமே நிரப்பிக் கொள்கின்றனர். எதற்காக இந்தச் சிரமம்?

திருகு அளவியை நீங்கள் கையாண்டிருப்பீர்கள். அதன் சுழிப்பிழை எல்லா அளவீடுகளிலும் ஒன்றாகவே இருக்கும், கழித்து விடலாம். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாக நேரும் பிழையை அவ்வாறு கழிக்க இயலாது. துப்பாக்கியும் அப்படியே. ஐந்து குண்டுகளும் ஒரு சாண் இடப்புறம் தள்ளி ஒரே இடத்தில் பட்டால் கவலையில்லை; குறிபார்க்கும் கருவியைச் சிறிது திருப்பினால் போதும். ஐந்தும் ஐந்து இடங்களில் சிதறினால் எந்தத் திருகும் உதவாது.

சிதறலுக்கு முதற் காரணம் வேக மாறுபாடு. குழலை விட்டு நீங்கிய கணமே குண்டு புவியீர்ப்பினால் விழத் தொடங்குகிறது. நொடிக்கு 800 மீட்டர் வேகமுள்ள குண்டு 914 மீட்டரைக் கடக்க 1.14 நொடி ஆகும். அதற்குள் அது 6.4 மீட்டர் விழுந்துவிடும். (காற்றின் தடையையும் சேர்த்தால் வீழ்ச்சி இன்னும் மிகும்.) இதைக் குறிபார்க்கும் கருவியால் ஈடு செய்யலாம். ஆனால் அடுத்த குண்டின் வேகம் 1 விழுக்காடு குறைந்தால், வீழ்ச்சி ஏறத்தாழ 2 விழுக்காடு, அதாவது 13 செ.மீ. கூடுகிறது. நடுவில் படவேண்டிய குண்டு வளையத்தின் விளிம்புக்குப் போய்விடுகிறது! 100 கெஜத்தில் இதே பிழை 1.3 மி.மீ. மட்டுமே. தொலைவு 10 மடங்கானால் பிழை 100 மடங்காகிறது.

ஒரு தோட்டாவில் பித்தளை உறை, தீமூட்டும் பிரைமர், வெடிமருந்து, குண்டு என நான்கு உறுப்புகள் உண்டு. இவற்றில் எது மாறினாலும் வேகம் மாறும். எனவே வீரர் மருந்தைத் தராசில் நிறுக்கிறார். அதன் அலகு கிரெயின். 1 கிரெயின் என்பது 64.8 மில்லிகிராம். அதிலும் பத்தில் ஒரு பங்கு வரை பார்க்கிறார். உறைகளைத் தரம் பிரிக்கிறார். உறையின் கழுத்து எல்லாக் குண்டுகளையும் ஒரே இறுக்கத்தில் பிடிக்கிறதா என்றும் கவனிக்கிறார்.

இரண்டாவது காரணம் குண்டின் சுழற்சி. குழலின் உட்புறத் திருகு வரிகள் 12 அங்குலத்திற்கு ஒரு சுற்று வீதம் அமைந்திருந்தால், குண்டு நொடிக்கு 2,600 முறைக்கு மேல் சுழலும். அதன் நிறைமையம் சுழலச்சிலிருந்து 0.01 மி.மீ. விலகியிருப்பதாகக் கொள்வோம். குழலுக்குள் அந்த மையம் அச்சைச் சுற்றி வருகிறது. வெளியேறியதும், கவணிலிருந்து விடுபட்ட கல்லைப் போல், நொடிக்கு சுமார் 16 செ.மீ. வேகத்தில் பக்கவாட்டில் நகர்கிறது. 914 மீட்டர் செல்வதற்குள் குண்டு 19 செ.மீ. அளவுக்கு விலகிவிடும். எத்திசையில் விலகும் என்பது ஒவ்வொரு குண்டுக்கும் வேறுபடும். ஆகவேதான் சீராக அமைந்த குண்டுகளைத் தேர்ந்து, உறையில் கோணாமல் நேராகப் பொருத்துகின்றனர்.

மருந்தைக் கூட்டினால் குறி தப்பாது என்று எண்ணுவது தவறு, ஆபத்தும் ஆகும். மருந்தின் அளவைவிட விரைவாகக் குழலுள் அழுத்தம் ஏறும். எல்லை மீறினால் துப்பாக்கியே வெடித்துச் சுடுபவரைக் காயப்படுத்தலாம். பயிற்சியும் உரிமமும் அற்றவர் இதைத் தொடவே கூடாது.

ஆய்வகத்தில் ஓர் அளவீட்டைப் பலமுறை எடுக்கச் சொன்னால் சலித்துக் கொள்ளும் மாணவர் உண்டு. கழிக்கத்தக்க பிழை எது, சிதறும் பிழை எது என்று பிரித்தறிய வேறு வழி இல்லை. குறிப்பலகையில் உள்ள ஐந்து துளைகளும் அதையே காட்டுகின்றன.